அந்தப் பக்கம் யாரு?

எங்கள் டாக்டரம்மாவிடம் எந்தச் சிக்கலைக் கொண்டுபோனாலும் முதலில் ஒரே கேள்விதான் வரும். "அந்தப் பக்கம் இதைப் பாக்கறது யாரு?" மாட்டுக்கு என்ன நோய், எப்போதிலிருந்து தீனி எடுக்கவில்லை என்ற விசாரணையெல்லாம் அதற்குப் பிறகுதான். அவர் வந்த புதிதில் இது எனக்கு விளங்கவே இல்லை. அந்தப் பக்கம் யார் இருந்தால் நமக்கென்ன, நம் பக்கத்து மாட்டைப் பார்ப்போம் என்று மனசுக்குள் சொல்லிக்கொள்வேன்.

எழுபதுகளின் கடைசியில் கணியம்பாடி கால்நடை மருந்தகத்தில் நான் கால்நடை ஆய்வாளர். சொந்த ஊர் கண்ணமங்கலம். தினமும் பஸ்ஸில் போய் வருவேன். புதிய டாக்டர் பெண் என்று தெரிந்ததும் சுற்றுவட்டாரமே வேடிக்கை பார்க்க வந்தது. நல்ல மாட்டை ஓட்டிக்கொண்டு வந்து, "சும்மா காட்டிட்டுப் போலாம்னு வந்தேன்" என்று நின்றவர்கள் உண்டு. மாட்டைக் காட்ட வரவில்லை, டாக்டரைப் பார்க்க வந்திருக்கிறார்கள் என்பது அவருக்கும் தெரியும். சளைக்காமல் எல்லா மாட்டின் வாயையும் திறந்து பார்த்து அனுப்புவார்.

நெடுநெடுவென்று ஒல்லியாக இருப்பார். திருச்சிப் பக்கத்துக்காரர். முந்தானையை இழுத்து இடுப்பில் செருகிக்கொண்டு, காலில் ஆண்கள் போடும் கேன்வாஸ் ஷூவோடு நடப்பார். குரல் மிகவும் தணிவானது. குனிந்தால்தான் கேட்கும். அதனாலோ என்னவோ, அவரிடம் கத்திப் பேச வந்தவர்களும் கொஞ்ச நேரத்தில் மெதுவாகப் பேச ஆரம்பித்துவிடுவார்கள். இன்னொரு பழக்கமும் உண்டு. யாரோடும் எதிரெதிரே உட்கார்ந்து பேசமாட்டார். தன் நாற்காலியைத் தானே தூக்கிக்கொண்டு போய் அவர்கள் பக்கத்தில் போட்டுக்கொள்வார். வந்தவர் மாட்டுக்காரரானாலும் சரி, பெரிய அதிகாரியானாலும் சரி.

அவருடைய கேள்வியின் அர்த்தம் எனக்குப் பிடிபட்டது ஓர் ஆட்டுக்காரரால். ஜவ்வாது மலை பல தாலுக்காக்களுக்குப் பங்குபோட்டுக் கொடுக்கப்பட்ட மலை. ஓடைக்கு இந்தப் பக்கம் இருக்கும் ஊர் வேலூர் தாலுக்கா என்றால் அந்தப் பக்கம் இருக்கும் ஊர் போளூர் தாலுக்காவாக இருக்கும். ஒரு நாள் மலைக்காரர் ஒருவர் அடிவாரத்து அமிர்தி வழியாக இறங்கி வந்து, ஆடுகள் கழிச்சலில் சாகின்றன என்று அழுதார். ஊர்ப் பெயரைக் கேட்டதும் நானே சொன்னேன்.

"உங்க ஊரு போளூரு கணக்குங்க. அங்கதான் போவணும்."

"போளூருக்கு மலைய சுத்திக்கினு போவணும் சார். இங்க இறங்கனா கிட்டம்," என்றார் அவர்.

டாக்டரம்மா என்னைப் பார்த்தார். "போளூர்ல யாரு சார் டாக்டர்?"

தெரியாது என்றேன். பக்கத்துத் தாலுக்கா டாக்டரின் பெயர் எனக்கு ஏன் தெரிய வேண்டும்? அன்றைக்கு மலைக்காரரிடம் இருக்கிற மருந்தைக் கொடுத்து அனுப்பிவிட்டு, அந்த வார விடுமுறையில் தன் செலவில் பஸ் ஏறிப் போளூருக்குப் போனார். அங்கே இருந்தவர் ஓய்வு பெறும் வயதில், முழங்கால் வலியோடு மலையேற முடியாமல் தவித்துக்கொண்டிருந்த நல்ல மனிதர். இருவரும் பேசி ஓர் ஏற்பாடு செய்துகொண்டார்கள். அமிர்திப் பக்கம் இறங்கும் ஊர்களுக்கு எங்கள் டாக்டரம்மா ஏறிப் போவார். மருந்து போளூர் பங்கிலிருந்து வரும். பார்த்த வேலை போளூர்க் கணக்கிலேயே சேரும்.

"ஏறி எறங்கறது நாம, பேரு அவருக்கா?" என்று கேட்டேன்.

"பேர் அவருக்குப் போகட்டும் சார். ஆட்டுக்கு மருந்து போச்சா இல்லையா?"

அந்த ஊர்களுக்கு நாங்கள் ஏறிப் போகத் தொடங்கினோம். அமிர்திக் காட்டைத் தாண்டி மேலே போனால் சாமை வயல்களும் புளியமரங்களும் கூரை வீடுகளும் வரும். மலைக்காரர்கள் எல்லோரையும் 'நீ' என்றுதான் அழைப்பார்கள். டாக்டரம்மாவையும் அப்படித்தான். அந்த 'நீ'யில் மரியாதைக்குக் குறைவே இருக்காது.

இப்படித் தாலுக்காவைத் தாண்டியவர் பிறகு மாநிலத்தையே தாண்டினார். அதைத்தான் சொல்ல வந்தேன்.

அந்த வருஷம் கோடை கடுமையாக இருந்தது. ஆந்திரப் பக்கத்தில் மழை பொய்த்துப் புல் காய்ந்துவிட்டால், சித்தூர் சீமையிலிருந்து மாட்டு மந்தைகள் எங்கள் மலையடிவாரத்துக்கு வருவது பழைய வழக்கம். வனத்துறை அனுமதியோடு மேயும். இரவில் மலைக்காரர்களின் வயலில் மந்தையைக் கிடை கட்டுவார்கள். வயலுக்கு எரு கிடைக்கும், மந்தைக்காரர்களுக்குச் சாமையும் இடமும் கிடைக்கும். அந்த முறை வந்த பெரிய மந்தைக்குத் தலைவர் ரெட்டெப்பா என்பவர். வெள்ளை மீசை, தலையில் பெரிய முண்டாசு, கையில் எப்போதும் ஒரு கன்றுக்குட்டியின் கயிறு.

ஒரு காலையில் மலையூர் நாட்டாமை சாமிக்கண்ணு மருந்தகத்துக்கு வந்தார். வாசலிலேயே நின்றபடி சொன்னார்.

"டாக்டரம்மா, என் உழவு மாடு ரெண்டும் கண்ணுல தண்ணியா ஊத்துது. வாயெல்லாம் புண்ணு. கழிச்சல் நாத்தம் தாங்கல. இன்னான்னு வந்து பாரு."

டாக்டரம்மாவின் முகம் மாறியது. எனக்கும் புரிந்துவிட்டது. வெக்கை நோய். இப்போது அந்த நோய் உலகத்திலேயே இல்லை. அன்றைக்கு அந்தப் பெயரைக் கேட்டால் மாடு வைத்திருப்பவனுக்கு ஈரக்குலை நடுங்கும். ஒரு மாட்டுக்கு வந்தால் ஊரே காலியாகும். வந்த மாட்டுக்கு மருந்து கிடையாது. வராத மாட்டுக்கு முன்கூட்டித் தடுப்பூசி போடலாம், அவ்வளவுதான்.

மேலே போய்ப் பார்த்தோம். நாட்டாமையின் எருதுகள் படுத்துவிட்டன. கீழே ஓடைக்கரையில் ரெட்டெப்பாவின் மந்தையிலும் பல மாடுகள் தலை தொங்கி நின்றன. யாரிடமிருந்து யாருக்கு வந்தது என்று சொல்ல முடியாது. ஆனால் மலையூரில் எல்லோரும் சொல்லிவிட்டார்கள். "ஆந்திராக்காரன் மாடு கொண்டாந்த சீக்கு."

மறுநாள் வேலூரிலிருந்து மேலதிகாரி வந்தார். கெட்டவர் அல்ல, விதிப்படி நடப்பவர்.

"மந்தையை உடனே அவங்க ஸ்டேட்டுக்குத் திருப்பி அனுப்பிடுங்க," என்றார்.

டாக்டரம்மா நாற்காலியை எடுத்துக்கொண்டு போய் அவர் பக்கத்தில் போட்டு உட்கார்ந்தார். "அனுப்பலாம் சார். போற வழியில எங்கெங்க தண்ணி குடிக்கும்னு நெனைக்கிறீங்க? எல்லா ஏரியிலயும் வாய் வெச்சிட்டே போகும். வேலூர் தாண்டறதுக்குள்ள பாதி மாவட்டத்துக்கு நோய் குடுத்துடும்."

"அப்ப லாரியில ஏத்துங்க."

"எல்லையில உள்ள விடுவாங்களா?"

"அது அவங்க பாடு."

"அந்தப் பக்கம் இதைப் பாக்கறது யாரு சார்?"

மேலதிகாரி யோசித்தார். "அதை முறையா எழுதிக் கேக்கணும். நாம சென்னைக்கு எழுதணும். அவங்க ஹைதராபாத்துக்கு எழுதுவாங்க. அங்கேர்ந்து சித்தூருக்கு வரும்."

"அதுக்குள்ள மாடு இருக்காது சார். நான் ரெண்டு நாள் லீவு போட்டுக்கட்டுமா?"

அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். பிறகு சொன்னார். "லீவுல நீங்க எங்க போறீங்கன்னு நான் கேக்கல."

அரசாங்க ஜீப் அனுமதியில்லாமல் மாநில எல்லையைத் தாண்டக்கூடாது. ஆகவே பஸ்ஸில் போனோம். நானும் லீவு போட்டிருந்தேன். ஏன் கூடப் போனேன் என்று இப்போது கேட்டால் சொல்லத் தெரியவில்லை. அந்த அம்மாள் தனியாகப் போவது சரியில்லை என்று அன்றைக்கு வீட்டில் சொன்னேன். உண்மையில், என்ன செய்யப் போகிறார் என்று பார்க்க ஆசை.

விசாரித்து விசாரித்து அந்தப் பக்கத்துக் கால்நடை மருத்துவரைக் கண்டுபிடித்தோம். குட்டையான, பருத்த மனிதர். பல நாள் தூங்காத கண். மேசை மேல் காலி மருந்துக் குப்பிகள் கிடந்தன. டாக்டரம்மா தன்னை யாரென்று சொல்லி, நாற்காலியை இழுத்து அவர் பக்கத்தில் போட்டதும் அவர் திகைத்துப்போனார். நல்லவேளையாக அவருக்குத் தமிழ் வந்தது.

"மேடம், எங்க ஊர்கள்லயும் வந்துடுச்சு. மந்தைங்க எந்த மலைக்குப் போயிருக்கு, எப்போ திரும்பும், ஒண்ணும் தெரியல. உங்க பக்கம் யாரைக் கேக்கறதுன்னும் தெரியல. அதான், தமிழ்நாட்டுலேர்ந்து எந்த மாடும் உள்ள வரக்கூடாதுன்னு ஆர்டர் வாங்கி வெச்சிருக்கோம்."

நான் டாக்டரம்மாவைப் பார்த்தேன். நாங்கள் லாரியில் ஏற்றியிருந்தால் மந்தை இரண்டு சோதனைச்சாவடிகளுக்கும் நடுவே வெயிலில் நின்று செத்திருக்கும். ஒரு பக்கம் வெளியே போ என்கிற உத்தரவு. மறுபக்கம் உள்ளே வராதே என்கிற உத்தரவு. இரண்டும் சரியான உத்தரவுகள்தான். இரண்டையும் போட்டவர்கள் ஒருவரையொருவர் பார்த்ததில்லை, அவ்வளவுதான்.

டீ வந்தது. இரண்டு டாக்டர்களும் பேசத் தொடங்கினார்கள். மந்தை இருக்கிற இடத்திலேயே இருக்கும். எல்லையின் இரண்டு பக்கத்து மாட்டுச் சந்தைகளையும் ஒரே நாளில் மூடச் செய்ய வேண்டும். ஒன்றை மட்டும் மூடினால் வியாபாரிகள் மற்றதற்குப் போய்விடுவார்கள். எங்கள் அதிகாரிகளைக் கண்டால் மந்தைக்காரர்கள் சீக்கு மாட்டைப் புதருக்குள் ஒளித்துவிடுகிறார்கள். ஆகவே அந்தப் பக்கத்து டாக்டரே நேரில் வந்து தெலுங்கில் பேசி, எல்லா மாட்டையும் வெளியே கொண்டுவரச் செய்ய வேண்டும்.

"எல்லாம் செய்யலாம் மேடம்," என்றார் அவர். "ஊசி மருந்து இல்ல. முடிஞ்சுபோச்சு. ஹைதராபாத்லேர்ந்து வரணும். இன்னும் ஒரு வாரமோ, மேலேயோ. உங்க மலைக்குப் போற ரோட்டோரத்துல என் ஊர் நாலஞ்சு இருக்கு. அதுங்களைக் காப்பாத்த முடியல."

டாக்டரம்மா டீ கிளாஸைக் கீழே வைத்தார். "என்கிட்ட இருக்கறதுல பாதி தர்றேன்."

எங்களுக்கு வந்திருந்ததே கொஞ்சம். அடுத்தது எப்போது என்று யாருக்கும் தெரியாது. வெளியே வந்ததும் கேட்டேன்.

"அம்மா, நம்ம மலைக்கே பத்தாதுங்க. மேல சொல்லாம வேற ஸ்டேட்டுக்குக் குடுத்தா வேலை போய்டும்."

"போகலாம்," என்றார். மறுக்கவில்லை. கொஞ்ச தூரம் நடந்த பிறகு, "அந்த ஊர்களை விட்டுட்டா அடுத்த வாரம் நமக்கே திரும்ப வரும் சார்," என்றார்.

திரும்பி வந்ததும் நேரே வேலூர் போய் மேலதிகாரியிடம் தானே சொல்லிவிட்டார். அவர் என்ன சொன்னார் என்பது எனக்குத் தெரியாது. மறுநாள் காலை அந்தப் பக்கத்து ஆள் வந்து, ஐஸ் போட்ட பெட்டியில் மருந்தை வாங்கிக்கொண்டு போனார். செய்தி எங்களுக்கு முன்னால் மலையேறிவிட்டது.

அன்று பகல் நாங்கள் ஓடைக்கரைக்குப் போனபோது ரெட்டெப்பாவும் அவருடைய ஆட்களும் பயந்துபோய் நின்றார்கள். மேலேயிருந்து மலையூர் ஆண்கள் தடிகளோடு இறங்கி வந்துகொண்டிருந்தார்கள். முன்னால் நாட்டாமை. மந்தையைத் துரத்திவிடுவது என்று ஊர் கூடி முடிவு செய்திருக்கிறது.

டாக்டரம்மா அவர்களை நோக்கிப் போகவில்லை. கிடைக்கு முன்னால் ஒற்றையடிப் பாதையில், தரையில், ரெட்டெப்பாவின் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டார். தடியோடு வந்தவர்கள் அவரைத் தாண்டித்தான் உள்ளே போக வேண்டும். நான் நின்றுகொண்டே இருந்தேன்.

"எந்திரிம்மா," என்றார் நாட்டாமை. "கழனிக்கு எரு போடத்தான் இவங்கள கூப்டோம். எமன கூப்டல."

"நாட்டாமை, இப்படி உக்காருங்க."

"உக்கார நேரம் இல்ல. என் எருது ரெண்டும் சாவக் கெடக்குது. நீ ஆந்திராக்காரனுக்கு மருந்து குடுத்துட்டியாமே. நெசமா?"

டாக்டரம்மா ஏதாவது சமாளித்துச் சொல்லமாட்டாரா என்று நான் தவித்தேன்.

"நெசம்தான். பாதி குடுத்துட்டேன்."

கூட்டம் சத்தம் போட்டது. ஓர் இளவட்டம் தடியைத் தரையில் ஓங்கி அடித்தான். நாட்டாமை கையை உயர்த்தினார்.

"இன்னாத்துக்குக் குடுத்த? எங்க மாடு மாடு இல்லியா?"

டாக்டரம்மாவின் குரல் வழக்கம்போலத் தணிவாகத்தான் வந்தது. கேட்பதற்காகவே கூட்டம் அடங்கியது. "நாட்டாமை, ஆடியில உழவுக்கு மாடு வேணும்னா எந்தச் சந்தைக்குப் போவீங்க?"

"அந்தப் பக்கத்துச் சந்தைக்குத்தான். நம்ம ஊர்ல அதுமாதிரி மாடு ஏது?"

"அங்க நோய் இருந்தா, நீங்களே கயித்தைப் புடிச்சு மலைக்குக் கூட்டிட்டு வருவீங்க. இந்த மந்தையை இன்னிக்குத் தொரத்தினா, வழியில இருக்கற ஊர் மாட்டுக்கெல்லாம் குடுத்துட்டுப் போகும். அந்த மாடு இதே ஓடையில தண்ணி குடிக்க வரும். எங்க தொரத்தினாலும் உங்க ஊருக்குத்தான் வரும்."

"அப்போ எங்க மாட்டுக்கு மருந்து?" என்று கத்தினான் அந்த இளவட்டம்.

"இருக்கறதை நோய் இன்னும் எட்டாத மேல் ஊர்லேர்ந்து போட்டுட்டு வரணும். கீழ வர வர தீந்துடும். உங்க ஊர்ல எல்லா மாட்டுக்கும் வராது."

தடியோடு நிற்பவர்களிடம், உங்களுக்குப் போதாது என்று எந்த அதிகாரி சொல்வார்? அடுத்த வாரம் வந்துவிடும், ஏற்பாடு செய்திருக்கிறோம் என்று எதையாவது சொல்லித் தப்பித்திருக்கலாம்.

"எங்க ஊரு மாடு செத்தா சாவட்டும்னு சொல்ற," என்றார் நாட்டாமை. அவர் கண்கள் சிவந்திருந்தன.

"சாகக்கூடாதுன்னுதான் இங்க உக்காந்திருக்கேன். சாகாதுன்னு பொய் சொல்ல மாட்டேன்."

கிடைக்குள் ஒரு மாடு ஈனசுரத்தில் கத்தியது. ரெட்டெப்பா எழுந்து, முண்டாசைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு, பாதித் தெலுங்கும் பாதித் தமிழுமாகச் சொன்னார். "எக்கடிக்கி போறது சாமி? அங்கயும் உடமாட்டாங்க. இங்கயும் உடமாட்டாங்க."

நாட்டாமை அவரையே பார்த்துக்கொண்டிருந்தார். பல வருஷமாகத் தன் வயலில் கிடை கட்டிய மனிதர். பிறகு மலையுச்சிப் பக்கம் பார்த்தார். "மேல் ஊர்லதான் என் பொண்ணைக் குடுத்திருக்கேன்," என்றார், யாரிடமும் இல்லாமல். தடியைப் போட்டுவிட்டு டாக்டரம்மாவின் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தார். "சரி. மேலேர்ந்து போட்டுக்கினு வா."

அந்த ஒரு மனிதர் உட்கார்ந்ததும் கூட்டமும் ஒவ்வொருவராக உட்கார்ந்தது. எனக்கும் அப்போதுதான் உட்காரத் தோன்றியது.

மேல் ஊர்களில் ஊசி போட ஆரம்பித்தோம். ஒரு நாள் ஐஸ் தீர்ந்துபோனது. கரைத்த மருந்தைக் குளிர்ச்சியில் வைக்காவிட்டால் சீக்கிரமே வீணாகிவிடும். வேலூரில் கரண்ட் வெட்டு, ஐஸ் கிடைக்கவில்லை என்று போன ஆள் வெறுங்கையோடு திரும்பினான். இருக்கிற கொஞ்சநஞ்ச மருந்தும் போய்விடும் என்று நான் தலையில் கைவைத்து உட்கார்ந்திருந்தபோது, அமிர்திப் பாதையில் அந்தக் குட்டையான டாக்டர் மூச்சு வாங்க ஏறி வந்தார். பின்னால் அவருடைய ஆட்கள் சாக்கு மூட்டைகளைச் சுமந்துகொண்டு வந்தார்கள். பஸ்ஸின் மேல் போட்டுக் கொண்டுவந்த மூட்டைகள். பிரித்தால் உமி. உமிக்குள் பெரிய பெரிய ஐஸ் பாளங்கள்.

"எங்க பக்கம் கரண்ட் இருந்துச்சு மேடம்," என்றார் அவர், வேர்வையைத் துடைத்துக்கொண்டே. "நானும் லீவுதான்."

டாக்டரம்மா அந்த ஐஸில் இரண்டு கையையும் வைத்து அழுத்திக்கொண்டார். அவர் கண் கலங்கி நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான்.

ரெட்டெப்பாவின் ஆட்களிடம் அந்த டாக்டர் தெலுங்கில் என்ன பேசினாரோ, புதர்களுக்குள்ளிருந்து ஒவ்வொரு மாடாக வெளியே வந்தது. சீக்கு மாட்டைத் தனியே கட்டினோம். செத்த மாடுகளைப் புதைக்க மலையூர்க்காரர்களும் மந்தைக்காரர்களும் சேர்ந்து குழி வெட்டினார்கள். நாட்டாமையின் எருதுகளும் அந்தக் குழிகளுக்குத்தான் போயின. இரண்டும் அடுத்தடுத்துச் செத்தன. அவர் அழவில்லை. கழுத்து மணிகளை மட்டும் கழற்றிக்கொண்டார்.

மருந்து டாக்டரம்மா சொன்னபடியே மலையூருக்குள் பாதியில் தீர்ந்தது. மீதி மாடுகளைப் பார்த்தபடி நாங்கள் கையைப் பிசைந்துகொண்டு நின்றோம். அப்போதுதான் அந்தப் பக்கத்திலிருந்து தகவல் வந்தது. ஹைதராபாத் மருந்து வந்துவிட்டது. எங்கள் பங்குக்கு இன்னும் நாளாகும் என்று சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

எல்லைக்குப் போனோம். எங்கள் ஜீப் அந்தப் பக்கம் போகக்கூடாது. அவர்கள் ஜீப் இந்தப் பக்கம் வரக்கூடாது. ஆகவே இரண்டு ஜீப்புகளும் எல்லைக் கல்லுக்கு இருபுறமும் மூக்கோடு மூக்கு வைத்தாற்போல நின்றன. அந்தப் பக்கத்து ஆட்கள் பெட்டியை நீட்ட, இந்தப் பக்கத்து ஆட்கள் வாங்கினோம். டாக்டரம்மா கொடுத்ததைவிடக் கூடுதலாகவே இருந்தது. இரண்டு பக்கத்துப் போலீஸ்காரர்களும் சோதனைச்சாவடியிலிருந்து வேடிக்கை பார்த்தார்கள். அவர்களில் ஒருவர் தானாகவே வந்து ஒரு பெட்டிக்குக் கை கொடுத்தார். கல்லுக்கு மேலே அந்தப் பெட்டிகள் கை மாறின. இரண்டு அரசாங்கங்கள் கைகொடுத்துக்கொண்டதை நான் கண்ணால் பார்த்தது அந்த ஒரு முறைதான். அதைச் செய்தது கேன்வாஸ் ஷூ போட்ட ஒரு பெண்மணி.

நோய் மேல் ஊர்களுக்கு ஏறவில்லை. ரோட்டோர ஊர்களும் தப்பித்தன. மலையூர் நிறைய இழந்தது. ஆனால் காலியாகவில்லை.

அதற்கப்புறம்தான் மேலேயிருந்து விளக்கம் கேட்டு ஓலை வந்தது. டாக்டரம்மா செய்தது தப்புதான், அதில் சந்தேகமில்லை. விசாரணைக்கு வந்த பெரிய அதிகாரியின் பக்கத்திலும் நாற்காலியைப் போட்டுக்கொண்டு, நடந்ததை ஒன்றுவிடாமல் சொன்னார். அவர் ரொம்ப நேரம் கேட்டுக்கொண்டிருந்துவிட்டுப் போய்விட்டார். எச்சரிக்கையோடு விட்டார்கள். அதைவிடப் பெரிய விஷயம், அடுத்த வருஷத்திலிருந்து கோடைக்கு முன்னால் இரண்டு மாநிலத்து டாக்டர்களும் கூடி, எந்த மந்தை எங்கே போகிறது, எந்தச் சந்தை என்றைக்கு என்று பேசி முடிவு செய்வது அரசாங்க வழக்கமாகவே ஆனது. அந்தக் கூட்டங்களில் அவர் உட்காரவில்லை. அதற்குள் தெற்கே எங்கேயோ மாற்றலாகிப் போய்விட்டார். பிறகு நான் அவரைப் பார்க்கவே இல்லை.

ஆனால் போவதற்கு முன்னால், அந்த ஆடி மாதத்தில், ஒரு தடவை மலையேறினோம். மழை பெய்து தடை எல்லாம் நீங்கி, ரெட்டெப்பாவின் மந்தையில் மிஞ்சியது ஊருக்குத் திரும்பியிருந்தது. சாமை விதைக்கும் நேரம். மாடு இழந்த நாட்டாமை என்ன செய்கிறாரோ என்று டாக்டரம்மாவுக்குக் கவலை.

வயலுக்கு வந்ததும் நின்றுவிட்டோம். நாட்டாமை உழுதுகொண்டிருந்தார். கலப்பையில் பூட்டியிருந்தவை எங்கள் பக்கத்து மாடுகள் அல்ல. உயரமான, வெள்ளை வெளேரென்ற சித்தூர்ச் சீமை எருதுகள்.

"இது யாரு மாடு?" என்று கேட்டேன்.

"ரெட்டெப்பாது," என்றார் நாட்டாமை. "வெறுங்கழனியா கெடக்கக்கூடாதுன்னு உட்டுட்டுப் போய்ட்டான். அடுத்த கோடைக்கு வரச்சொல்ல இட்டுக்கினு போறேன்னு சொன்னான்."

டாக்டரம்மா அருகில் போய் எருதுகளின் வாயைத் திறந்து, உதட்டைப் புரட்டி, ஆறிப்போன தழும்புகளைத் தடவிப் பார்த்தார். "வெக்கை வந்து பொழச்ச மாடுங்க இது. உசிருள்ள வரைக்கும் இனி வராது. மந்தையிலேயே இருந்ததுல நல்லதைத்தான் விட்டுட்டுப் போயிருக்கார்."

நாட்டாமை தலையாட்டினார். பிறகு மேழியைப் பிடித்தார். எருதுகள் அசையவில்லை. "ஹை, ஹை" என்று அதட்டினார். அவை காதைக்கூட ஆட்டவில்லை. எங்களைப் பார்த்துக் கொஞ்சம் கூச்சத்தோடு சிரித்துவிட்டு, தொண்டையைச் செருமிக்கொண்டு, மலையே கேட்கும்படி தெலுங்கில் கத்தினார்.

"பத! பத! பதரா நாயனா!"

எருதுகள் கிளம்பின. மண் புரண்டது. டாக்டரம்மா வரப்பில் நின்று, அந்தத் தணிந்த குரல்காரர், வாய்விட்டுச் சிரித்தார்.